முயலுக்குக் கீரை

11 மே 1996, சனி

முள்ளங்கி வரத் தொடங்கிவிட்டது. சிவப்புக் குண்டு முள்ளங்கி, இலையோடு.

ரயிலில் கடைசி நிலையத்தில் இறங்கி, தபால் கந்தோரைத் தாண்டினால் ஜெபவீட்டு முற்றத்தில் அந்தச் சபைக்காரருடைய மூன்று மேசைகள். பாண், மரக்கறி, புகையூட்டிய இறைச்சி. பெண்களுக்கு நீளப் பாவாடை, தலையில் கறுப்புத் துணி. வேலையிடத்தில் பேர்பெச்சுவா அக்கா இதற்கு ‘அமிஷ் சந்தை’ என்று பெயர் வைத்துவிட்டா. அமெரிக்காவில் குதிரை வண்டியில் போகிற சனங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து. நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். இவர்கள் மெனோனைட் என்கிற கிறிஸ்தவச் சபைக்காரர். கசக்ஸ்தானிலிருந்து வந்தவர்கள். அமிஷ்காரர் முந்நூறு வருடத்துக்கு முன் பிரிந்து போன கிளை. அக்காவுக்கு விளக்கினேன். “ஓம் ஓம், அமிஷ்தானே” என்றா.

மரக்கறி மேசை ஹன்னாவுடையது. ஐம்பது வயதிருக்கும். இங்கே ஜெர்மன் சனங்கள் முள்ளங்கி வாங்கினால் இலையை முறித்துக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டேன். “முயலுக்கா?” என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் எறிகிறதைத் தின்கிற சனம் என்று நினைப்பாரே. அன்றிலிருந்து எனக்கு இரண்டு முயல்கள். போன வருடம் பெயர் கேட்டார். ஒன்றுக்கு எமில் என்றேன். மற்றதற்கு வாயில் பெயர் வரவில்லை.

இன்று அவர் கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மகள் லிடியாவுக்குப் புரட்டாதியில் கலியாணம். சனிக்கிழமைகளில் கை குறையும். “நீ வந்து என்னோடு நிற்பாயா?”

நெஞ்சு துள்ளிவிட்டது. “இல்லை, இல்லை, எனக்கு என்ன தெரியும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தராசைத் துடைத்தார்.

அடுத்த கிழமை திரும்பக் கேட்பார். அப்போது ஓம் சொல்லலாம். யார் வீட்டில்தான் முதல் தரம் கேட்டவுடனே தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறோம்? காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி அல்லவா இருக்கும்.

18 மே

கேட்கவில்லை. மேசையைச் சுற்றி நல்ல சனம். அதனாலாக இருக்கும்.

25 மே

கேட்கவில்லை. எமில் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை முதியோர் இல்லத்துச் சலவை அறை. இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எட்டு வருடமாகப் படித்துப் படித்துச் சேர்த்த ஜெர்மன், படுக்கை விரிப்புகளுக்கு மேலே சும்மா கிடக்கிறது. சனிக்கிழமை பத்து நிமிடம் ஹன்னாவோடு பேசுகிறேன், மழையைப் பற்றி, கிழங்கைப் பற்றி. அந்த மேசைக்குப் பின்னால் ஒரு முழுக் காலை நின்றால்! எவ்வளவு சின்ன ஆசை. எழுதிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

2 ஜூன்

கொறற்றி வந்து பத்து நாள். அண்ணா சில்வெஸ்டர் மூன்று வருடம் கடிதத்தில் காதலித்து, இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, மன்னாரிலிருந்து கூப்பிட்ட பெண். இருபத்திரண்டு வயது. எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள்.

நல்ல பிள்ளைதான். என் மிளகாய்த்தூள் போத்தலை வேறு தட்டில் வைத்துவிட்டாள். என் கத்தியை அவள் கத்தி போலப் பிடிக்கிறாள். இன்று மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அண்ணா, “எவ்லின், இவ்வளவு நாளும் நாங்கள் என்னத்தைத்தான் சாப்பிட்டனாங்கள்?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

8 ஜூன், சனி

அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது.

பெட்டியைப் பார்த்தவுடனே குனிந்து கையை விட்டாள். “ஐயோ மச்சாள், இவ்வளவு இலையையும் எறியப் போகினமோ?”

ஹன்னா என்னைக் காட்டி, முயல்களுக்கு என்று அவளிடம் சொன்னார். “என்னவாம்?” என்றாள். “ஒண்டுமில்லை, வாரும்” என்றேன். அவள் வரவில்லை. ஒரு பிடி இலையை எடுத்து நறுக்குவது போலக் காட்டினாள், கிண்டுவது போலக் காட்டினாள், வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு தன்னையும் என்னையும் தொட்டுக் காட்டினாள். ஜெர்மனில் அவளுக்குப் பத்துச் சொல் தெரியாது. ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டாள்.

ஹன்னா என்னைப் பார்த்தார். “எமில்?”

எமில் இல்லை என்றேன். முகம் எரிந்தது.

அவர் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. இந்த இரண்டு வருடத்தில் அவருக்கு மேல்வரிசையில் தங்கப் பல் இருப்பது எனக்குத் தெரியாது. கொறற்றிக்கு அரை மணியில் காட்டிவிட்டார்.

ரயிலில் விஷயத்தைச் சொல்ல வேண்டி வந்தது. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. “முயலை எங்க வைச்சிருக்கிறியள் மச்சாள், கட்டிலுக்குக் கீழயோ?”

15 ஜூன், சனி

வறை செய்து கொண்டுபோனாள், முள்ளங்கி இலையும் தேங்காய்ப்பூவும் போட்டு. ஹன்னா பாணுக்குள் வைத்துத் தின்றார், பாண் மேசைக்காரிக்கும் கொடுத்தார். பிறகு தனக்குப் பக்கத்தில் நிற்கிற இடத்தைக் காட்டி, மேசையைக் காட்டி, சனி சனி என்று விரலால் எண்ணிக் காட்டி அவளிடம் கேட்டார்.

“ஓம்! ஓம்!” தமிழிலேயே சொன்னாள்.

ஒரு தரம் கேட்டார். ஒரே ஒரு தரம். ஏப்ரன் எடுத்துக் கட்டிவிட்டார். முடிச்சுப் போடும்போது அவளுடைய பின்னலை ஒதுக்கி முன்னால் விட்டார், லிடியாவுக்குச் செய்வது போல.

நான் இந்தப் பக்கம் நின்றேன், பையோடு. வெங்காயம் என்ன விலை என்று ஒரு கிழவர் கேட்டபோது, அதைத் தமிழாக்கிச் சொல்லவும் நான்தான் வேண்டியிருந்தது.

ஏன் என்னைத் திரும்பக் கேட்கவில்லை? நான் என்ன குறை? என்னுடைய ஜெர்மனில் பிழை பிடிக்க ஏலுமோ? அவளுக்குத் தக்காளிக்குப் பெயர் தெரியாது! கெட்டிக்காரி. வந்து ஒரு மாதமில்லை, வீடும் அவளுக்கு, குசினியும் அவளுக்கு, இப்ப இதுவும். எனக்கென்று என்னதான் விட்டு வைக்கப் போறாள்—

காலையில் படித்தால் வெட்கப்படுவேன். இருக்கட்டும்.

29 ஜூன்

போகவில்லை. பெரிய கடையில் நெகிழித்தாள் சுற்றிய முள்ளங்கி வாங்கினேன். இலையே இல்லை.

கொறற்றி மத்தியானம் வந்தாள், கை நிறைய மண். “ஹன்னா உங்களைக் கேட்டவ மச்சாள். நீங்கள் ஏன் வரேல்லை எண்டு.” உனக்கு எப்படி விளங்கினது என்றேன். “உங்கட பேரைச் சொன்னவ, பிறகு கையை இப்பிடி விரிச்சவ. வேற என்ன கேக்கிறது?”

பொறாமையைப் பற்றி எத்தனை புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதிலெல்லாம் அது ஒரு பெரிய உணர்ச்சி. ஆள் கொலைகூடச் செய்கிறான். தராசில் ஒருத்தி வெங்காயம் நிறுப்பதைப் பார்த்து வருகிற பொறாமையைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

10 ஜூலை, புதன்

மாலையில் தொலைபேசி. ஹன்னா. லிடியாவின் கலியாணத்துக்குப் பாண் சுட்டுப் பழகப் போகிறார்கள், இரட்டைத் தலைப் பாண், ஒன்றின் மேல் ஒன்றாக உருட்டி வைப்பது. கொறற்றியும் வரட்டும். நாளைக் காலை எட்டு மணி ரயில். நிலையத்தில் ஹன்னாவே வந்து நிற்பாராம். “சொல்லிவிடுவாயா?”

“சொல்கிறேன்.”

கொறற்றி அப்போது குளியலறையில் தலை முழுகிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, “ஆர் மச்சாள் போனில?” என்றாள்.

“பிழையான நம்பர்.”

11 ஜூலை

விடியலிலிருந்து மழை. எட்டரைக்கு இல்லத்துச் சலவை அறை யன்னலில் நின்றேன். குடை கொண்டுவந்திருப்பார். அந்த நிலையத்தில் கூரை இருக்கிறது, பாதிக்கு.

13 ஜூலை, சனி

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

போகாமல் இருந்திருப்பேன். கொறற்றிதான் கையைப் பிடித்து இழுத்தாள். “போன கிழமை மனிசி என்னவோ பெரிசாச் சொன்னது, எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா வந்து கேட்டுச் சொல்லுங்கோ.”

ஹன்னாவுக்குத் தடிமன். மூக்கு சிவந்திருந்தது. எங்களைப் பார்த்தவுடன் கொறற்றியிடம், “வியாழன் ஏன் வரவில்லை?” என்று கேட்டார். கோபமில்லை. காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கொறற்றி என் பக்கம் திரும்பினாள். ஹன்னாவும் திரும்பினார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் நான். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று இந்தப் பக்கம், பாண் நன்றாக வந்ததாம் என்று அந்தப் பக்கம். ஒரு குஞ்சுக்கும் தெரிந்திராது.

“அவளிடம் சொன்னாயா?” என்று ஹன்னா கேட்டார்.

“இல்லை.”

“மறந்துவிட்டாயா?”

“இல்லை.”

அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது என்றேன், மேசைக்குப் பின்னால் அவள் நிற்கிற இடத்தைக் காட்டி.

“உன்னைத்தானே முதலில் கேட்டேன். மே மாதத்தில். இல்லை என்றாய். எனக்குக் கவலையாக இருந்தது.”

“இன்னொரு தரம் கேட்பீர்கள் என்று இருந்தேன்.”

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ஏன் கேட்க வேண்டும்? நீ சொன்னது பொய்யாக இருக்கும் என்றா?”

எங்கள் சனத்தில் முதல் தரம் இல்லை என்பது மரியாதை என்று சொல்லப் பார்த்தேன். எமிலும் மரியாதைதானா என்று அவர் கேட்கவில்லை. எனக்கே கேட்டது.

“என்ன கதைக்கிறியள்? எனக்கும் சொல்லுங்கோவன்” என்றாள் கொறற்றி. சொன்னேன். போன் வந்தது, நான் சொல்லாமல் விட்டது, ஹன்னா மழையில் நின்றது.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. “எவ்வளவு நேரம் நிண்டவவாம்?”

கேட்டேன். மூன்று ரயில்.

“என்னோட கோவமெண்டா எனக்கு ஏசுங்கோ மச்சாள். என்ர தலையில மாவைக் கொட்டுங்கோ. அந்த மனிசியை ஏன் நனைய விட்டனீங்கள்?” பிறகு ஏப்ரனைத் தானே கட்டிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கு வெங்காயம் நிறுக்கப் போய்விட்டாள்.

14 ஜூலை

பூசைக்கு மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். நடுவில் அண்ணா.

17 ஜூலை

“உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன?” என்று அண்ணா கேட்டார். “ஒண்டுமில்லை” என்றாள் கொறற்றி. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். எவ்வளவு இலகுவாக அவளுக்கு நல்லவளாக இருக்க வருகிறது!

3 ஆகஸ்ட்

கொறற்றியிடம் மன்னிப்புக் கேட்டேன், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால். பரவாயில்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு, “இன்னும் கோவம் இருக்கு. போனாப்பிறகு சொல்லுறன்” என்றாள். ஹன்னாவிடம் பழகிக்கொண்டாள் போல.

மிளகாய்த்தூள் போத்தல் புதிய தட்டிலேயே இருக்கிறது. கை இப்போது தானாக அங்கே போகிறது.

25 ஆகஸ்ட்

“கோவம் போயிட்டுது மச்சாள்” என்றாள். பருப்புக்கு உப்புப் பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினாள்.

12 அக்டோபர், சனி

லிடியா கலியாணமாகிப் போய்விட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு சந்தைக்குப் போனேன். பீட்ரூட் காலம். மண்ணோடும் இலையோடும் குவித்து வைத்திருந்தார்கள். கொறற்றி ஒரு கிழவியிடம் பாதி ஜெர்மன், பாதி கையால் விலை பேசிக்கொண்டிருந்தாள். தக்காளியின் பெயரைச் சரியாகச் சொன்னாள். இங்கே, நெஞ்சுக்குக் கீழே, இன்னும் கடிக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன்.

ஹன்னாவிடம் நேரே போனேன். ரயில் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. “உங்களோடு இங்கே நிற்க எனக்கு விருப்பம். இடம் இருக்கிறதா?”

அவர் மேசையைப் பார்த்தார், கொறற்றியைப் பார்த்தார், வானத்தைக்கூடப் பார்த்தார். உண்மையாகவே எண்ணிப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “குளிர்காலத்துக்கு இரண்டு பேர் போதும்.”

“சரி.”

பிறகு கீழே வைத்திருந்த குடுவையை எடுத்தார். “கோப்பி குடிப்பாயா?”

வாய் வழக்கம்போல வேறு சொல்லுக்குத் தயாரானது. “ஓம்” என்றேன். அவர் ஊற்றினார். சர்க்கரை இல்லாத கோப்பி, நல்ல சூடு. மேசைக்கு இந்தப் பக்கத்திலேயே நின்று குடித்து முடித்தேன்.

இலைப் பெட்டியிலிருந்து பை நிறைய எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வரிசையில் நின்ற ஒரு அம்மா என் பையைப் பார்த்துச் சிரித்தார். “முயலுக்கா?”

கொறற்றியின் தராசு நின்றது.

“இல்லை” என்றேன். “இரவுச் சாப்பாட்டுக்கு.”