தோற்றவர் எழுந்திருக்க வேண்டும்

ஜூன் 8, ஞாயிறு

கேரம் சங்கம் இன்று முறைப்படி தொடங்கியது. இடம், பாப்பிரெட்டிப்பட்டியில் வீரமணி அண்ணனின் உரக்கடை மாடி. போர்டும் அவருடையதே. ஆறு பேர் கூடினோம். தலைவர் அவர், பிறகு துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், அமைப்பாளர். ஆக, உறுப்பினர் என்று இருப்பது ஒரே ஒருவன்: சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த தீர்த்தன். நான் செயலாளர். வெட்கமாக இல்லையா? கொஞ்சம் இருக்கிறது.

நான் போட்ட விதி ஒன்றுதான். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜூன் 15

தலைவர் தோற்றார். எழவில்லை.

“கலை, இது கணக்குல வராது. பவுடர் பத்தல.”

பவுடர் போட்டோம். மறுபடி தோற்றார். மறுபடியும் பவுடர் பத்தவில்லை.

ஜூன் 22

பவுடர் டப்பா காலி. தலைவர் எழவில்லை.

ஜூன் 29

பொருளாளர் சசிகலா, செல்போன் கடையில் வேலை செய்கிறவள், சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டு அவரை ஜெயித்தாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கினார். தீர்த்தன் வந்ததிலிருந்து சுவரோரமாக நின்றிருந்தான்.

“சும்மாத்தான நிக்கற தீர்த்தா? கீழ போயி டீ சொல்லிட்டு வா.”

போனான். டீ வந்தது. அவன் வரவில்லை.

நான் என்ன செய்தேன்? டீ குடித்தேன்.

ஜூலை 6

தீர்த்தன் இன்று வரவே இல்லை. போன் செய்தேன்.

“வேலைங்க.”

“என்ன வேலை?”

“நிக்கற வேலைதாங்க. அத இங்கியே நின்னுக்கறேங்க. அதுக்கு எதுக்கு பஸ் ஏறி வரணும்?”

போனை வைத்துவிட்டு வீரமணி அண்ணனிடம் நேராகவே கேட்டேன்.

“எங்க மாடி, எங்க போர்டு. என்னையே எந்திரிக்கச் சொல்றியாடா?”

“விதிதாங்கண்ணா.”

“விதி போட்டது நீ. ஃபேன் போட்டது யாரு?”

ச்சே! நெலம் அவங்களுது, கடை அவங்களுது, கோயில்ல மொத மரியாதை அவங்களுது — ஒரு பலகையிலயாவது எல்லாரும் ஒண்ணா இருக்கக் கூடாதா? யாரு வூட்டுப் புள்ளைனு பாத்தா காய் விழுது? மத்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சிக்கிட்டு போன நோண்டறாங்க. இதுக்குப் பேரு சங்கமா?

ஜூலை 13

உரக்கடைக்குப் போகவில்லை. சசிகலாவிடம் புலம்பினேன்.

“போர்டுதான வேணும்? எங்க வூட்டுக் கட்டிலுக்கடியில பழசு ஒண்ணு கெடக்குது. ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும், பரவால்லீங்களா?”

டீக்கடைக்குப் பின்னாலுள்ள ஓலைக் கொட்டாயைக் கேட்டோம். கடைக்காரர் சரி என்றார். எல்லோரிடமும் சொன்னேன், தலைவரிடமும்.

“நானு கொட்டாயில வந்து குந்தணுமா?”

இந்த முறை யாருக்கும் பதவி கிடையாது. தீர்த்தனுக்கு அதைச் சொன்னேன். “பாக்கலாங்க” என்றான்.

ஜூலை 20

தீர்த்தன் வந்தான். தலைவர் வரவில்லை.

முதல் ஆட்டத்திலேயே சசிகலாவிடம் தோற்றேன். போர்டு அந்த அளவுக்கு வளைந்திருந்தது. நான் அடித்த காய் குழிவரை போய்த் திரும்பி வந்தது. இதெல்லாம் ஒரு ஆட்டமா? அடியில் அட்டை எதையாவது மடித்து வைத்துவிட்டு இன்னொரு முறை ஆடலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து தீர்த்தன் தோளைத் தட்டினான்.

“ஏனுங்க செயலாளரே, பவுடர் பத்தலீங்களா?”

கொட்டாய் முழுக்கச் சிரிப்பு. எழுந்தேன்.