கடலுக்கு ஒரு விளக்கநூல்

சென்னை, 2009 ஆடி

அன்பின் வதனிக்கு,

வாகரையில் நீ சுகமா? மாமியின் கால்வலி குறைந்ததா?

நாம் திரும்பத் திரும்ப வாசித்த மாயக்கதைக்கு ஒரு பேராசிரியர் எழுதிய விளக்கநூலை வாங்கினேன். பெரும்பாலும் குப்பை. கதையில் நகரை விழுங்கும் கடல் வெறும் மனக்குழப்பமாம். அவருடைய நூல் அறிமுகக் கூட்டத்திலேயே எழும்பிச் சொன்னேன்: "ஐயா, எங்கட ஊருக்குள்ள கடல் வந்தது. ஒருத்தருக்கும் மனம் குழம்ப நேரமிருக்கல்ல."

"அருமையான படிமம்" என்று குறித்துக்கொண்டார் அந்த மேதை.

ஒரு குறிப்பு மட்டும் சரி. வீரன் மனைவிக்கு அனுப்பும் ஓலைகளில் அரக்கர்களைப் பற்றியே எழுதுகிறான், தன் தனிமையைச் சொல்வதேயில்லை என்கிறார். அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். இத்தனை தடவையும் அது என் கண்ணில் படவில்லை.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. வீட்டுப் படமும் ஒன்று, வாசலில் நீ நிற்கிற மாதிரி. தபால் கந்தோரைப் பூட்டப்போகிறார்கள். எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

உன் சுதாகரன்