நிறம் மாறாத குழாய்

ஹந்தானை, கண்டி
04.03.2024

அன்புள்ள கஜேந்திரன்,

மெல்பர்னில் நீ நலமாக இருப்பது உன் கட்டுரையிலிருந்தே தெரிகிறது. பக்டீரியாவுக்குள் இரண்டு நொதியங்களின் மரபணுக்களைச் செலுத்தி, செடியை வேர்விட வைக்கும் ஒட்சின் ஹோர்மோனை உண்டாக்கியது நீயாம். பதினொரு மாதம் அந்தப் பக்டீரியாவை இங்கே வளர்த்துக் கொடுத்த என் பெயர் எங்கே? ‘ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி’ என்ற வரியில்தான் நிற்கிறேன், கூட்டிப் பெருக்கும் அன்னலட்சுமியோடு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். இரண்டு கிழமைக்குள் பெயரைச் சேர்க்காவிட்டால் சஞ்சிகைக்கு எழுதுவேன்.

அழகர்

மெல்பர்ன்
15.03.2024

அன்பு அழகர்,

கோபப்படாதே மச்சான். பெயரைச் சேர்க்கிறேன். ஆனால் சஞ்சிகைக்காரர்கள் உன் குறிப்பேட்டின் மூலப் பக்கத்தைக் கேட்கிறார்கள். மரபணு சேர்க்காத பக்டீரியாவை வைத்த ஒப்பீட்டுக் குழாய், ஹோர்மோனைக் காட்டும் மருந்துக்குச் சிவக்கவில்லை என்று எழுதினாயே, அந்தப் பக்கம். உடனே அனுப்பு. உன் மகள் தர்ஷனாவுக்கு என் அன்பு.

கஜன்

ஹந்தானை
26.03.2024

கஜேந்திரன்,

பக்கம் 41. ‘நிறம் மாறவில்லை.’ என் கையெழுத்துத்தான். ஆனால் அன்று அந்தக் குழாயை நான் வைக்கவேயில்லை. மின்வெட்டில் அதற்கான பக்டீரியா வளர்ப்பு கெட்டுப்போயிருந்தது. தொலைபேசியில் நீ சிரித்தாய்: “மரபணுவே போடலன்னா அதுல என்னடா செவக்கும்? மாறலன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போ.” எழுதினேன்.

போன சனிக்கிழமை வைத்துப் பார்த்தேன். அரை மணியில் சிவந்துவிட்டது. மரபணு சேர்க்காத பக்டீரியா தானாக உண்டாக்கும் வேறு பொருளுக்கும் அந்த மருந்து சிவக்கிறது. அப்படியானால் நம் குழாய் சிவந்தது ஹோர்மோனால்தான் என்று சொல்ல முடியாது. ஹேவாஹெட்டத் தோட்டத்தில் நம் பக்டீரியாவை ஊற்றி நட்ட தேயிலைக் கொப்புகள் வேர்விடாதபோதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். நீ மண்ணைக் குறை சொன்னாய்.

அழகர்

மெல்பர்ன்
06.04.2024

அன்பு அழகர்,

அந்தக் குழாயைக் கழுவி வை. பழைய பக்கத்தை மட்டும் அனுப்பு. உன் பெயரை என் பெயருக்கு அடுத்ததாகப் போடுகிறேன். உன்னை இங்கே அழைக்கவும் ஏற்பாடு செய்கிறேன். என் வேலை நிரந்தரமாவது இந்தக் கட்டுரையில்தான் தொங்குகிறது. கெஞ்சிக் கேட்கிறேன்டா.

கஜன்

ஹந்தானை
17.04.2024

கஜேந்திரன்,

இன்று காலை சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டேன்: நாற்பத்தோராம் பக்கம், சிவந்த குழாயின் படம், அன்று வைக்காமலே எழுதினேன் என்ற என் வாக்குமூலம். இங்கே என் வேலையும் போகலாம். பழிவாங்குகிறேன் என்று நினைப்பாய். பாதி உண்மை.

சஞ்சிகையின் விதிப்படி, கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவித்தலை நீதான் எழுத வேண்டுமாம். தவறு செய்தவர்களைச் சொல்லும் இடத்தில் ‘ஆய்வுகூட ஊழியர்கள்’ என்று எழுதாதே. பெயரைப் போடு.

மு. அழகர்