மூலாரியில் ஒன்பது தலை

ஜூன் 24, வியாழன்

டார்வின் நகரத்தைக் கிறிஸ்துமஸ் புயல் கூரை கூரையாகப் பிய்த்தெறிந்து இரண்டாவது குளிர்காலம் இது. உப்பேரி நிரம்பி, கூழைக்கடாக்கள் வந்து குடித்தனம் நடத்தியதும், அரசாங்கம் மைல்கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டதும் அதையொட்டித்தான். படித்தவர்கள் இதை 1976 என்கிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது. மாட்டைத் தவிர வேறெதையும் எண்ணியதுமில்லை. நான் சொல்லச் சொல்ல விடுதிக்காரி வெர்னா எழுதுகிறாள். பீர் ஊற்றுகிற அதே கை. மூலாரியின் தபால் நிலையமும் அவள்தான்.

இன்று தபால் லாரியில் ஒரு அரசாங்கக் கடிதம். வருகிற புதன் இரவு நாடு முழுக்கத் தலை எண்ணுகிறார்களாம். அன்றிரவு யார் எங்கே படுத்திருக்கிறார்களோ அங்கேதான் கணக்கு. மூலாரியில் ஒன்பது தலைக்குக் குறைந்தால் தபால் லாரி நின்றுவிடும்.

நாங்கள் ஐந்து பேர். வெர்னா, அவள் புருஷன் லெஸ், ஓய்வுபெற்ற நர்ஸ் டிரான்டர் அம்மா, கிணறு வெட்டி டங்க், நான்.

டங்க் கேட்டான்: "ஆடு சேத்தியா?"

இன்னொரு கடிதமும் வந்தது, இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு என் மகள் பெரில் எழுதியது. வெர்னா வாசித்தாள். "லாரி நின்னா உங்க மாத்திரையும் நின்னுடும். அப்புறம் நான் கேக்க மாட்டேன்ப்பா, வந்து தூக்கிட்டுத்தான் போவேன்." அவள் அடிலெய்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் தெரியும்.

ஜூன் 26, சனி

கடவுள் இருக்கிறார். கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு கார் வந்தது. உள்ளே நாலு தலை! ட்ரெவர் பெங்கெல்லி, வங்கியில் ஓய்வுபெற்றவர். அவர் மனைவி ஜோன். ஜோனுடைய அக்காமார் ஈடி, வின். இரண்டு அக்காக்களும் பிறந்தநாள் முதல் சண்டை போடுகிறார்களாம், இன்னும் முடியவில்லை.

"ஒரு ராத்திரி தங்கிட்டுக் கிளம்பிடுவோம். இங்க பாக்க என்ன இருக்கு?" என்றார் ட்ரெவர்.

லெஸ் என்னைப் பார்த்தான். நான் டங்க்கைப் பார்த்தேன். "ஐயா, அஞ்சு நாள் போதாது" என்றேன்.

ஜூன் 27, ஞாயிறு

சிவப்புப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனேன். நேர்வழியில் அரைமணி. நான் காட்டிய வழியில் மூன்று மணி. மஞ்சள் கால் குட்டைக் கங்காருகள் பாறைமேல் நின்று எங்களைப் பார்த்தன. ஜோன் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காமார் யார் தொப்பி நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 28, திங்கள்

அதே பள்ளத்தாக்கு. மறுபக்கத்து வழியாக.

ஈடி கேட்டாள்: "இந்தப் பாறைய நேத்தே பாத்தோமே?"

"அது இதோட தம்பிங்கம்மா."

சாயங்காலம் ட்ரெவர் கேரவனைக் காரில் பூட்டத் தொடங்கினார். டங்க் ஓடிவந்தான். "தெற்கு ரோட்டுல தண்ணி, ஐயா."

"வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே?"

"அதான் பயமே. எப்ப வரும்னு சொல்ல முடியாது."

ட்ரெவர் யோசித்தார். வங்கிக்காரர் ஆயிற்றே, இடருக்குப் பயப்படுகிற ஜாதி. தங்கிவிட்டார்.

(நாலு நல்ல மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்கிறாள் வெர்னா. அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.)

ஜூன் 29, செவ்வாய்

முழங்கால் வீக்கம். டிரான்டர் அம்மா பார்த்துவிட்டு, "இது கால் இல்ல கிளாரி, வேலிக்கம்பம். நாளைக்கு நீ எங்கயும் போகக்கூடாது" என்றாள்.

காட்ட மிச்சமிருப்பது குமிழிச் சுனை ஒன்றுதான். பாலைவனத்து நடுவில் மேடுகட்டி, உச்சியில் தண்ணீர் குபுகுபுவென்று வருகிற இடம். நாளை அவர்களே போய்வருவதாகச் சொன்னார்கள். நான் மண்ணில் குச்சியால் கோடு போட்டு வழி சொன்னேன். ஐம்பது வருடம் மாடு ஓட்டிய வழி. கண்ணை மூடினாலும் தெரியும்.

"ஜாக் ஓடன் மாட்டின வேலிக் கதவுல வலது பக்கம் திரும்புங்க. மாட்டுத் தண்ணித் தொட்டி இருந்த இடம் தாண்டினதும், ஹெர்பி விழுந்த மரத்துக்கிட்ட இடது. கதவு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போங்க. இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க."

ட்ரெவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஜோன் மட்டும் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டாள்.

ஜூலை 1, வியாழன்

எங்கிருந்து தொடங்க? வெர்னா பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இது சிரிக்கிற விஷயமா?

நேற்று பொழுது சாய்ந்தது. கார் வரவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: இருட்டுவதற்குள் ஒருவர் திரும்பவில்லை என்றால், யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லாரும் கிளம்பிவிடுவோம். வறட்சி வருடத்தில் என் அண்ணனை அப்படித்தான் தேடினார்கள். ஒரு நாள் பிந்திப்போனார்கள்.

அதனால் லெஸ் தண்ணீர்ப் பீப்பாயை லாரியில் ஏற்றினான். டிரான்டர் அம்மா மருந்துப் பெட்டியோடு முன்னால் ஏறினாள். வெர்னா அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். என் வேலிக்கம்பத்தை டங்க் தூக்கிப் பின்னால் போட்டான். தலை எண்ணுகிற நினைப்பு ஒருத்தருக்கும் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

முதல் கதவைத் தாண்டும்போது டங்க் கேட்டான்: "யோவ் கிளாரி, ஜாக் ஓடன் மாட்டின கதவுன்னா சொன்ன?"

"ஆமா."

"அது வெள்ளத்துல போய் இருபது வருஷமாச்சேய்யா!"

"கதவு போனா இடம் போயிடுமா?"

"தொட்டியாவது இருக்கா?"

"தொட்டி *இருந்த* இடம்னுதானே சொன்னேன்."

"ஹெர்பி விழுந்த மரம்?"

அந்த மரத்தை வெட்டி டங்க்தான் அவன் வீட்டு உத்தரமாக வைத்திருக்கிறான். எனக்குத்தான் அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

பிண்டாரா ஓடையோரம் ஒரு புதரில் ஈடியின் தொப்பி கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அண்ணன் நினைவு வந்துவிட்டது. நாலு பேரை நான் கொன்றுவிட்டேன் – இந்த வாயால் – ஒரு மாத்திரைக்காக, ஒரு தகரக் குடிசைக்காக... வெர்னா, இதை எழுத வேண்டாம். சரி, எழுது.

விடிய விடிய நெருப்பு மூட்டினோம், கூப்பிட்டோம். யாரும் வரவில்லை. வெளிச்சம் வந்ததும் ரேடியோவில் போலீசுக்குச் சொல்ல ஊர் திரும்பினோம்.

விடுதிப் புகைபோக்கியில் புகை.

உள்ளே நாலு பேரும் மேசையில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார்கள். காற்றில் தொப்பி போனதோடு சரி, குமிழிச் சுனையை அவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. வழி தவறி மேற்கு ரோட்டில் ஏறி, நாங்கள் கிழக்கே போன கால்மணி நேரத்தில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். விடுதி திறந்து கிடக்கிறது, ஆளில்லை, குழம்பு தீய்கிறது. ஜோன் குழம்பை இறக்கியிருக்கிறாள். பிறகு ஒருவர் வந்து பீர் கேட்டாராம். ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். இன்னொன்று கேட்டாராம்.

அந்த ஒருவர்தான் தலை எண்ணுகிற திரு. ஹார்ட்விக்.

எங்களைக் கண்டதும் ஜோன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களையா தேடிப் போனீங்க? எல்லாருமா?" என்று அழத் தொடங்கிவிட்டாள். தொப்பியைக் கொடுத்தேன். "அது என்னோடது" என்றாள் வின்.

டங்க் ஹார்ட்விக்கிடம் போனான். "ஐயா, நாங்க அஞ்சு பேரும் ராத்திரி இங்கதான் படுத்திருந்தோம்."

"எல்லாக் கட்டிலையும் நானே பாத்தேன். ஒண்ணுலயும் ஆளில்ல."

"கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?"

ஓடைக்கரை பிண்டாரா பண்ணையைச் சேர்ந்தது. ஐந்து பேரும் அங்கே எழுதப்பட்டோம். மூலாரியிலும் சரியாக ஐந்து பேர்தான். பெங்கெல்லிக் குடும்பம் நாலு. அன்றிரவு கூடத்தில் படுத்த ஹார்ட்விக் தன்னையும் எழுதிக்கொண்டார், ஐந்து. அரசாங்கப் புத்தகத்தில் மூலாரியில் குடியிருப்பவர்கள், மூலாரியை அதற்கு முந்தின வாரம் வரை பார்த்தே இராதவர்கள்.

ஜூலை 2, வெள்ளி

பெங்கெல்லிக் குடும்பம் கிளம்பியது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பாறையின் தம்பி, தெற்கு ரோட்டுத் தண்ணீர், எல்லாம். ட்ரெவர் முகம் சிவந்தது. ஜோன் சிரித்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். தம்பிப் பாறை மேலயும் அதே கங்காரு நின்னுச்சு."

செப்டம்பர் 9, வியாழன்

கடைசி லாரி. ஓட்டுநர் ஆரன் அடித்துக்கொண்டே போனான். நாய்கூடக் குரைக்கவில்லை.

செப்டம்பர் 18, சனி

பெரில் வந்தாள். காரின் பின்சீட்டைக் காலி செய்து வைத்திருந்தாள், என் கட்டிலைப் போட. "அப்பா, அடம் பிடிக்காதீங்க. உங்க மாத்திரை யார் கொண்டுவருவா?"

குளியல் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை நாலு தடவை.

வெளியே கார் சத்தம். கேரவன். நாலு பேர். ட்ரெவர் இறங்கி ஒரு சாக்குப்பையைத் தொப்பென்று போட்டார். ரயில் நிறுத்தத்தில் மூலாரித் தபால் கிடந்ததாம், கேட்டார்களாம், கொடுத்துவிட்டார்களாம். "வாரத்துக்கு ஒருதடவை ரயிலடிக்குப் போய் வர எனக்கென்ன கஷ்டம்? வீட்டுல இருந்தா இவங்க சண்டையத்தான் கேக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் பெரில்.

ஜோன் சொன்னாள்: "அரசாங்கமே எழுதியிருக்கேம்மா, நாங்க மூலாரிக்காரங்கன்னு."

பெரில் என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், காலிப் பின்சீட்டைப் பார்த்தாள். டங்க் அந்த நேரம் பார்த்து, "அந்த சீட்டுல என் ஆடு ரெண்டு ரயிலடிக்கு வருமா?" என்று கேட்டான். போயின.

ஜூன் 30, 1986, திங்கள்

இன்றிரவு மறுபடியும் தலை எண்ணுகிறார்கள். இந்தத் தடவை யாரும் எங்கும் போகவில்லை. போக ஆளும் இல்லை.

டிரான்டர் அம்மா தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, "நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். லெஸ் பீப்பாய் உருட்டும்போது. வெர்னா அவன் போன குளிர்காலமே. டங்க் தான் வெட்டிய கிணற்றிலேயே விழுவான் என்று எல்லாரும் சொன்னோம். எங்களைப் பொய்யாக்கக் கட்டிலில் செத்தான். ட்ரெவர் எட்டு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் தபால் கொண்டுவந்தார். தவறிய முதல் வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஈடி போன மூன்றாம் வாரம் வின்னும் போனாள். மிச்சச் சண்டையை யாரோடு போடுவாள்?

தேடிப் போனவர்களில் நான் இருக்கிறேன், முழங்காலைக் கழித்துவிட்டு. தேடப்பட்டவர்களில் ஒருத்தி இருக்கிறாள். பீர் ஊற்றுகிறாள், தபாலைப் பிரிக்கிறாள், நான் சொல்வதை எழுதுகிறாள். இப்போது எழுதாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். உன் பேரையும் எழுதும்மா என்கிறேன்.

ஜோன் பெங்கெல்லி.