சும்மா சொன்னேன் தாத்தா

ஊட்டி
26 மே 2024

அன்புத் தம்பி பிராங்ளினுக்கு,

மரியே வாழ்க. இந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் உதட்டைச் சுழிப்பாய். ஐம்பத்திரண்டு வயசுக் கை, உனக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

அலீனா லீவுக்கு இங்கே வந்திருந்தபோது நடந்ததைச் சொன்னாளா? சொல்லியிருப்பாள், உன் பெண் எதையும் மறைக்க மாட்டாள். அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். நான் கதவருகே நின்றிருந்தேன். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, தாத்தா சீக்கிரமா உங்கம்மாளப் பாக்கப் போறேன். அவகிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?" என்று கேட்டார்.

"அம்மா அங்க இல்லைங்க தாத்தா. அங்கன்னு ஒண்ணும் இல்லைங்க. செத்தா அவ்வளவுதானுங்க" என்றாள் உன் மகள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு, கஞ்சி ஆறிவிட்டதா என்று ஸ்பூனால் தொட்டுப் பார்த்தாள்.

நாற்பது வருஷம் கோயிலில் உபதேசியாராக இருந்தவர் அப்பா. சாகக் கிடந்த எத்தனையோ பேருடைய தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் சொன்னவர். அன்றைக்கு ஜெபமாலையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார், இன்னும் எடுக்கவில்லை. போன ஞாயிறு ஃபாதர் நற்கருணை கொண்டுவந்தபோது வாயைத் திறக்கவே இல்லை. "ஜூடித், அந்தப் புள்ள பொய் சொல்ற புள்ள இல்லையே" என்று என்னையே கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

இன்னும் இரண்டு வாரம் தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். அலீனாவை ஒரே ஒரு நாள் அழைத்துவா. "சும்மா சொன்னேன் தாத்தா" என்று அவள் வாயால் சொன்னால் போதும். மூன்று வார்த்தை. உன்னை எதையும் நம்பச் சொல்லவில்லை. அப்பா நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

உன் அக்கா,
ஜூடித்


கட்டபெட்டு
1 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே மழை பிடித்துவிட்டது. தேயிலைக் கொழுந்து வந்து குவிகிறது, ஃபேக்டரியில் இரண்டு ஷிப்டு ஓடுகிறது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். கோபம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அலீனா சொல்லிவிட்டாள். தினமும் மாலை ஆறு மணிக்கு ஃபேக்டரி சங்கு ஊதியதும் டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தேயிலையைப் பார்த்தபடி வாசல் பெஞ்சில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருவோம். பிறகு அன்றைக்குச் செய்த தப்பு ஒன்றை ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். நானும் சொல்வேன். சொன்னதற்குத் தண்டனை கிடையாது. சாமியில்லாத பாவசங்கீர்த்தனம் என்று நீங்கள் கிண்டல் செய்வீர்களே, அதேதான்.

போன மாதம், கொழுந்து எடுக்கிற ஆயம்மாளின் சோற்றுத் தூக்கைக் காலால் தட்டிவிட்டு ஓடி வந்ததையும் அந்தப் பெஞ்சில்தான் சொன்னாள். மறுநாள் வீட்டில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அப்படியே ஆயம்மாளிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை பட்டினி கிடந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நரகத்துக்குப் பயந்தும் செய்யவில்லை. நாம் இரண்டு பேரும் அந்த வயதில் அப்பாவின் பிரம்புக்கும் நரகத்துக்கும் பயந்துதானே அக்கா நல்லவர்களாக இருந்தோம்?

அவளைப் பொய் சொல்ல அழைத்துவரச் சொல்கிறீர்கள். நல்லதுக்குத்தான் என்று ஒரு பொய்யை இன்றைக்கு நானே சொல்ல வைத்தால், நாளைக்கு எந்த வாயால் அவளைக் கண்டிப்பேன்? தாத்தா வருத்தப்படுவதில் அவளுக்கும் வருத்தம்தான். ஆனால் நாற்பது வருஷ நம்பிக்கையை ஒரு பத்து வயதுப் பெண் அசைத்துவிட்டாள் என்றால், குறை அவளிடம் இல்லை.

ஆன்சி போய் நாலு வருஷமாகிறது. தாயில்லாத அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிச் சொல்லித் தூங்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். "அம்மா கடைசி வரைக்கும் பயப்படலை. யாரையும் கூப்பிடலை. என் கையைப் பிடிச்சுகிட்டே போயிட்டாங்க." அந்தத் தைரியத்தில்தான் அவள் வளர்கிறாள். அதை நான் கெடுக்க மாட்டேன். அவளை அனுப்புவதற்கில்லை.

தம்பி,
பிராங்ளின்


ஊட்டி
15 ஜூன் 2024

பிராங்ளினுக்கு,

அப்பாவை அடக்கம் செய்து மூன்று நாளாகிறது. கோயிலுக்குள் வராமல் மழையில் வெளியே நின்றாய். நீ நனைந்தாலும் கொள்கை நனையாமல் பார்த்துக்கொண்டாய். உள்ளே வந்து கேட்காததை இப்போது கேட்டுக்கொள்.

கடைசி வரை அப்பா ஜெபமாலையைத் தொடவில்லை. ஃபாதர் எண்ணெய் பூச வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இறந்த அன்று காலையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இருட்டாத்தான் இருக்குமா? உங்கம்மாளும் அந்த இருட்டுலதான் கெடக்குறாளா?" என்று கேட்டார். இல்லைப்பா என்றேன். அவர் நம்பவில்லை. மருந்து கசக்காது என்பவள் நான், நாளைக்கு எழுந்து நடப்பீர்கள் என்பவள் நான். உன் மகள்தானே பொய் சொல்லாதவள். பயந்து பயந்துதான் அப்பா செத்தார்.

உண்மை என்று இவ்வளவு பேசினாயே, நானும் பேசுகிறேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆன்சியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். "ஃபாதரக் கூப்பிடுங்க, எனக்குப் பயமா இருக்குங்க" என்று உன்னிடம் மூன்று தடவை கேட்டாள். போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்குப் போனாய். திரும்பி வந்து, "சொல்லியாச்சு, வந்துட்டிருக்காரு" என்றாய். நானும் நம்பி, வழி காட்டுவதற்காகக் கீழே கேட்டில் போய் நின்றேன். மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கண் கதவைப் பார்த்தபடியே இருந்தது, நான்தான் மூடினேன். நீ போனே செய்யவில்லை என்பது மறுநாள் ஃபாதரைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அந்தக் குழந்தைக்காக நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நல்லதுக்குச் சொல்லும் பொய் உன் வீட்டில் செல்லாது என்று நீயே எழுதிவிட்டாய். ஆகையால் அலீனாவின் பெயருக்கு, அவள் பள்ளி விலாசத்தில், நேற்று ஒரு கடிதம் போட்டேன். உன்னிடம் நான் கேட்ட அந்த மூன்று வார்த்தையையும் எழுதினேன், நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் அவள் படித்து முடித்திருப்பாள். ஆறு மணிக்குப் பெஞ்சில் சொல்ல உனக்கும் ஒரு தப்பு கிடைத்தது.

பதில் போடாதே.

ஜூடித்


கட்டபெட்டு
21 ஜூன் 2024

அக்கா,

இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. உடனே பள்ளிக்கு ஓடினேன். அலீனாவின் கடிதத்தை முந்தின நாளே கொடுத்துவிட்டதாக டீச்சர் சொன்னார்.

அன்றைக்கும் சங்கு ஊதியது, பெஞ்சில் உட்கார்ந்தோம். நீங்கள் எழுதியதெல்லாம் உண்மைதான். ஃபாதர் வந்துவிட்டால், ஆன்சி என்னோடு சாமியில்லாமல் வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் எனக்காக நடித்தது என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். சாகிறவளை விட என் பிடிவாதம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை உங்களுக்கு எழுத முடிகிறது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஃபேக்டரி டிரையரில் சூடு கூடிப்போய் ஒரு ஈடு தேயிலைத் தூள் கருகிவிட்டது, அதுதான் இன்றைக்கு என் தப்பு என்று சொன்னேன்.

"அத்தைகிட்டயிருந்து லெட்டர் வந்துச்சா கண்ணு?" என்று கேட்டேன்.

"வரலைங்கப்பா" என்றாள், என் முகத்தை நேராகப் பார்த்து. உங்கள் கையெழுத்துள்ள கவர் அவள் ஸ்வெட்டர் பையில் பாதி வெளியே தெரிந்தது. எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது.

நான் அழுதுவிட்டேன். அவள் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கடைசி வரைக்கும் பயப்படலைங்கப்பா. யாரையும் கூப்பிடலை. உங்க கையைப் பிடிச்சுகிட்டேதான் போனாங்க" என்றாள். ஒரு வார்த்தை மாறவில்லை. சின்னக் குழந்தையைத் தூங்க வைப்பது போலச் சொன்னாள்.

நேற்று, தாத்தாவின் கல்லறைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். எதுக்கு என்றேன்.

"சும்மா சொன்னேன் தாத்தான்னு சொல்லோணும்."

"அவருக்குக் கேக்காதே கண்ணு" என்றேன்.

"தெரியுங்கப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுவோம். அந்த நேரத்துக்கு நீங்கள் அங்கே வர வேண்டாம். இதை நான் சொல்லவில்லை. எழுதும்போது சேர்த்து எழுதச் சொன்னவள் அவள்தான்.

பிராங்ளின்