ஒரே எழுத்தில் இரண்டு பேர்

ஆனி 4, வெள்ளி, 2603

(2603 ஜப்பான்காரன் கணக்கு. வீட்டு நோட்டிலும் அப்படித்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். எழுதியாயிற்று. மாதம் என்னுடையது.)

விடியலிலிருந்து தூறல். கரி மூட்டை நனைந்துவிட்டது. பெட்ரோல் இல்லாத காலம். காரின் முதுகில் தகர உருளை கட்டி, கரி மூட்டி, அந்தப் புகையில் ஓட்டுகிறோம். நான் முக்கால் மணி விசிறினேன், பிடிக்கவில்லை. இன்னொரு டிரைவர் பழனி வந்து விசிறியை வாங்கினான். பத்து நிமிஷம். பிடித்துவிட்டது. எப்படி என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

எங்கள் முதலாளி தவுக்கே இருவரையும் கூப்பிட்டார். அவர் மலாக்கா சிட்டி, அந்தக் காலத்திலேயே இங்கே வந்து தமிழை மறந்துபோன செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, பெயர் அருணாசலம், வாயில் மலாய் மட்டும். எங்கள் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் அவர் நாக்குக்கு ரவும் ழவும் ஒன்றுதான். பரணியாகிய நானும் ‘பாலானி’, பழனியும் ‘பாலானி’. அதனால் நான் பாலானி பெசார், பெரியவன். அவன் பாலானி கெச்சில், சின்னவன். ஏழு வருஷமாக இப்படி.

விஷயம்: பழைய லைசென்ஸ் எதுவும் செல்லாது. வாடகைக் காருக்குப் புதுக் காகிதம். “சத்து கெரெத்தா, சத்து டிரைபர்” என்றார். ஒரு காருக்கு ஒரே டிரைவர். யார் பெயரை எழுதப் போகிறீர்கள் என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே உள்ளே போய்விட்டார்.

இது வெறும் வேலைக் காகிதம் அல்ல. காகிதம் இல்லாத தமிழ் ஆளைப் பிடித்தால் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள். குருபோங் பக்கமிருந்து போனவர்களில் ஒருவன்கூட ஒரு வரி எழுதவில்லை.

யாருக்குக் கொடுக்க வேண்டும்? நியாயமாகப் பார்த்தால்:

என் பக்கம் - பதினாலு வருஷ லைசென்ஸ். ஒரு விபத்து கிடையாது. (மாட்டு வண்டி சேராது.) சயாமுக்குள் ஓட்டிய இன்டர்நேஷனல் பர்மிட். மனைவி கமலம். ஒரு பெண் குழந்தை.

அவன் பக்கம் - நாலு வருஷ லைசென்ஸ். ஜப்பான் பாஷை. நல்ல பல்வரிசை.


ஆனி 5, சனி

வெயில். லைசென்ஸ் ஆபீசில் வரிசை, நின்ற இடத்தில் வேர்வை.

பழைய புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். என்னுடையதில் அந்தப் பர்மிட் ஒட்டியிருந்தது. ஒரு தோட்டத்துத் துரையோடு ரயிலில் சிங்கோரா போய் இறங்கினோம். அங்கே அவர் வாடகைக் கார் கேட்டார். கடைக்காரச் சயாம்காரன் துரையைப் பார்க்கவில்லை, என் பர்மிட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், பிறகுதான் சாவி கொடுத்தான். என் கையில் கொடுத்தான்! எங்கள் காஜா பெராங்கில் வேறு எவனுக்காவது அந்த மரியாதை உண்டா? பன்னிரண்டு நாள் சயாம் ரோட்டில் ஓட்டினேன். ஒரு கீறல் இல்லை.

ஜப்பான் குமாஸ்தா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கூடையில் எறிந்தான்.

அடுத்து பழனி. சரியான அளவுக்குக் குனிந்தான், ஏதோ சொன்னான். குமாஸ்தா சிரித்தான். சிகரெட் கொடுத்தான். நான் குனிந்தபோது ‘இன்னும் கீழே’ என்று கையால் காட்டியவன் அவன்.

இந்தப் பழனி சாயங்கால வகுப்புக்குப் போய் ஜப்பான்காரனின் கத்தக்கானா எழுத்து படித்தான். என்னையும் கூப்பிட்டான். “வாங்கண்ணே, சும்மாதானே சொல்லிக் குடுக்கிறானுங்க.” இந்த வயதில் பலகைக்கு முன்னால் உட்காருவதா என்றேன். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது.

தவுக்கே உள்ளே தனியாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். யார் பெயர்? “பாலானி.” எந்தப் பாலானி? தலைவலி என்று ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார். செமாபோக்கில் மகள் வீட்டில் இரண்டு நாள் இருப்பாராம்.

வாங்க வேண்டியது: உப்பு. விளக்குத் திரி. பாப்பாவுக்குப் பூச்சி மருந்து.


ஆனி 7, திங்கள்

காகிதம் வந்துவிட்டது. எனக்கு!!

பழனிதான் ஆபீசில் வாங்கி வந்தான். மஞ்சள் காகிதம், சிவப்பு முத்திரை. படம் கிடையாது, கைநாட்டு கிடையாது. வைத்திருப்பவனே டிரைவர். மாநில எல்லையையும் தாண்டலாம். பெயர் இருக்கிற இடத்தில் கோழி கிளறியது போல நாலைந்து கோடு. விரலை வைத்துப் படித்தான்.

“பா... ரா... நி. உங்க பேருதாண்ணே.”

“உன் பேரை எழுதினாலும் அப்படித்தானே வரும்?” விடுவேனா நான்.

“ழ அவனுங்களுக்கு இல்ல. என் பேருன்னா வேற மாதிரி எழுதியிருப்பானுங்க.”

எனக்கு என்ன தெரியும். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்திக்கொண்டேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே ஒரே குதி.

கமலத்திடம் சொன்னேன். சாமி படத்துக்கு முன் நின்று கும்பிட்டாள். உடனே திரும்பி, “அப்ப பழனி தம்பி?” என்றாள்.

அதுதான் அவள் முதல் கேள்வி. தம்பி தேங்காயெண்ணெய் கொண்டுவந்தது, தம்பி கையெழுத்து முத்து முத்தாக இருப்பது, தம்பி கிணற்றில் இறைத்துக் கொடுத்தது. கார்க் கொட்டகையில் படுக்கிறவனுக்கு என் வீட்டில் இத்தனை பேச்சு. மரவள்ளிக்கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது. பாப்பா தின்றுவிட்டிருந்தது.


ஆனி 9, புதன்

பழனியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலை, பாசாரில். கரி வாங்கப் போனவன். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, காகிதம் காட்டாத எல்லாரையும் லாரியில். மீன்காரர் வந்து சொன்னார்: “ஓடல லா அவன். கரி மூட்டைய எங்கிட்ட குடுத்து, வீட்டுல சேத்திடுங்கன்னான்.” மூட்டை வந்து சேர்ந்தது. நனையாத கரி.

ஊருக்கு வெளியே பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை லாரியில் தம்பின் ஊர் ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து ரயில், சயாம்.

கமலம் அழுதாள். நானும் கொஞ்சம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன்: முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. எனக்கு மலேரியா வந்து கிடந்தபோது இவ்வளவு அழுதாளா? இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தவுக்கே செமாபோக்கிலிருந்து திரும்பினார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வயதாகிவிட்டது அவருக்கு.


ஆனி 12, சனி

இன்று எழுத்து கோணல்.

தம்பினுக்கு வாடகை. ஒரு சீனக் கடைக்காரர், மகள் வீட்டுக்கு. மேட்டில் இறங்கித் தள்ளினார், பாவம். எல்லைச் சாவடியில் சிப்பாய். இறங்கினேன், குனிந்தேன், காகிதம் கொடுத்தேன்.

படித்தான். “பாரானி... கெச்சிரு?”

என்னை மேலும் கீழும் பார்த்தான். ஒன்றரை வருஷம் இந்த ஊரில் இருந்து நாலு வார்த்தை மலாய் கற்றிருக்கிறான். “கெச்சில்? கெச்சில்?” துப்பாக்கி முனையால் என் தொப்பையைத் தொட்டு, கூட இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டி, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரர் சிகரெட் நீட்டினார். விட்டுவிட்டார்கள்.

காகிதத்தில் இரண்டு வார்த்தை இருந்திருக்கிறது. பழனி அன்று ஒன்றைத்தான் படித்தான். அடுத்ததை விழுங்கிவிட்டான்.

திரும்பி வந்ததும் நேரே தவுக்கேயிடம். மலாயில் கத்தினேன். அவர் சொன்னது: ஆமாம், கெச்சில் என்றுதான் கொடுத்தேன், ஜப்பான் பாஷை தெரிந்தவன் தொழிலுக்கு நல்லது. நான் வந்தபோது உன் கையில் காகிதம். அவனைப் பிடித்துக்கொண்டு போகுமுன் செமாபோக்குக்கு ஆள் அனுப்பியிருந்தான், பெசாரிடம் சொல்ல வேண்டாம் என்று. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்றானாம்.

வெட்கப்பட வேண்டும். நன்றி வர வேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது எரிச்சல், பச்சை எரிச்சல். கரி மூட்ட அவன், பாஷை பேச அவன், என் வீட்டில் நல்ல பெயர் வாங்க அவன். கடைசியில் உயிர்ப்பிச்சை போடவும் அவனா? அவன் சயாமில் செத்தால் கமலம் ஆயுசுக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அந்தக் காகிதத்தில் உட்கார்ந்து நான் கார் ஓட்ட வேண்டும். முடியாது. இந்த ஒன்றிலாவது அவன் ஜெயிக்கக் கூடாது.

பாப்பா தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன்.


ஆனி 13, ஞாயிறு

கமலத்திடம் சொன்னேன். என்னையே பார்த்தாள். “போயிட்டு வாங்க. வந்திடணும்” என்றாள். அவ்வளவுதான்.

கரி மூட்ட அரை மணி. பள்ளிக்கூட வாசல். கம்பி வேலிக்குப் பின்னால் நூறு பேர் இருக்கலாம், எண்ணவில்லை. ஒரு மரவள்ளிக்கிழங்குத் துண்டை இரண்டு பேர் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பழனி தாடியோடு வந்தான்.

“ஏண்ணே வந்தீங்க?”

காகிதத்தை நீட்டினேன். “இந்தா, உன் சூராட். பிடி.”

“அது உங்க...”

“கெச்சில்னு போட்டிருக்குடா! எனக்கா தெரியாது? தொப்பையில குத்திக் காட்டிட்டான்!”

தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணி இருக்காங்க. பாப்பா இருக்கு...”

“என் பொண்டாட்டி பிள்ளைக்கு நீ யாருடா கவலைப்பட? உன் பிச்சை எனக்கு வேணாம். வாங்குறியா, கிழிக்கட்டுமா?”

கிழிக்கத்தான் போனேன். சத்தியமாக. சத்தம் கேட்டுக் கார்ப்பொரல் வந்துவிட்டான். நன்றாகக் கீழே குனிந்தேன். “இவன்தான் டிரைபர். இது அவன் சூராட். கெச்சில்” என்று பழனியைக் காட்டினேன். காகிதத்தைப் படித்தான், ஒல்லிப்பயலைப் பார்த்தான், கார் நம்பரைப் பார்த்தான். கேட்டைத் திறந்தான்.

பிறகு என் பக்கம் கை நீட்டினான். உன் காகிதம்?

என்னிடம் ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் காலியாகியிருந்தது, அது என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

பழனி பேசினான். நீளமாக. நடுவில் இரண்டு தடவை குனிந்தான், காரின் முதுகைக் காட்டினான், என் கரிக் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். கார்ப்பொரல் வாட்சைப் பார்த்தான், ‘போ’ என்றான்.

பழனி ஓட்டினான். நான் முதன்முதலாகப் பின் சீட்டில். என்னடா சொன்னே என்றேன்.

“இந்த கார்ல கரி மூட்ற ஆளு, இவரு இல்லாட்டி வண்டி கிளம்பாதுன்னேன். காகிதம் செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல தருவாங்கன்னேன்.”

கரி மூட்டுகிற ஆள். நான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றுகிற வேலையையும் அவனே செய்துவிட்டான். மூன்றாவது கியரில் போட வேண்டிய இடத்தில் இரண்டில் இழுத்துக்கொண்டு வந்தான். சொல்லவில்லை. புக்கிட் காத்தில் ஊரைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.


ஆனி 15, செவ்வாய்

மேகமூட்டம். ஆபீசில் அதே குமாஸ்தா. தவுக்கே, பழனி, நான்.

பெயர் கேட்டான். “பரணி” என்றேன். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினான். பாரானி ஏற்கெனவே இருக்கிறான், டிரைவர். பக்கத்தில் நிற்பவன்தான் பாரானி. நீயும் பாரானி என்றால் இரண்டில் ஒருவன் பொய், இரண்டு பேரும் லாரி என்றானாம். பழனி மெதுவாகச் சொன்னான்: “வேற பேரு குடுங்கண்ணே. சீக்கிரம்.”

தவுக்கே ‘பெசார்’ என்று ஆரம்பித்தார். பழனி அவர் காலை மிதித்தான்.

அப்பா பெயரைச் சொன்னேன். காத்தமுத்து. குமாஸ்தா இரண்டு தடவை அடித்து எழுதினான். படித்துக் காட்டினான்: காத்தாமுத்சு. வேலை: கரி ஆள். ஒரு மாதத்துக்கு மட்டும். பிறகு மறுபடி குனிய வேண்டும்.

ஆக, இந்த ஊரில் பரணி என்றால் இனி பழனிதான். பதினாலு வருஷம் ஓட்டிய பெயர். வெளியே வந்ததும் அவன் என் காலைத் தொடக் குனிந்தான். விலகிக்கொண்டேன். காரின் பின் கேரியரில் நின்று உருளையில் கரி தட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் கமலத்திடம் காகிதத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன். கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கையைத்தான்! ஐந்து நிமிஷம் நன்றாக இருந்தது.

பிறகு என்ன நினைத்தாளோ, பானைக்குப் பின்னாலிருந்து ரேஷன் அட்டையை எடுத்து வந்தாள்.

“இதுல பாரானி சம்சாரம்னு எழுதியிருக்குன்னு அன்னிக்கு தம்பி படிச்சுக் காட்டுச்சே. அப்ப இப்ப நான் யாரு சம்சாரம்?”

கொட்டகையில் விசிறுகிற சத்தம் நின்றது. கேட்டிருக்கிறான்.

நாளை விடிந்ததும் முதல் வேலை ரேஷன் ஆபீஸ். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவனைக் கூட்டிப் போகப் போவதில்லை.