தண்ணீர்போல இருந்த போத்தல்

மடு மாதா துணை.

பிள்ளைகளின் அப்பாவுக்கு, கண்டியில் நான் சுகம். உங்கள் இருமல் விட்டதா?

பயப்படாதேங்கோ, வேலை போகவில்லை. ஆய்வுகூடத்தில் கழுவ வைத்த போத்தல்களோடு நின்ற இன்னொன்றையும் வாளியில் ஊற்றிக் கழுவிவிட்டேன். பார்த்தால் வெறும் தண்ணீர். புற்றுநோய் மருந்து செய்ய உதவும் பொருளை அதில் கரைத்து வைத்திருந்தாராம், இங்கே படிக்கும் வரதன். மூன்று மாத உழைப்பு.

“வாளித் தண்ணியை வெயிலில வையுங்கோ தம்பி. எங்கட உப்பளத்தில உப்புத் திரும்பி வருமே” என்றேன்.

“சூடு பட்டால் இது பழுதாப்போம், ஆச்சி.”

எரிச்சலாக வருகிறது. கரைந்தது கண்ணுக்குத் தெரியாவிட்டால், கழுவுகிறவள் என்ன செய்வாள்?

வரதனுக்குக் கொடுக்கக் கருவாடு அனுப்புங்கோ, எனக்கும் கொஞ்சம். அலுமாரியில் விட்டுவந்த என் மூக்குக்கண்ணாடியையும் அனுப்புங்கோ. ஐந்தாம் வகுப்புப் படித்தவள், வாசிப்பேன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் அந்தப் போத்தலில் ‘ஊற்ற வேண்டாம்’ என்று தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தாராம்.

உங்கள் மார்த்தா